மலை ஏறும் வண்டியில் மாயமாகும் ரேடியேட்டர் நீர்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக் கல்வராயன் மலையில், கரியாலூர்ப் பகுதியில் விளையும் மரவள்ளிக் கிழங்கு மலையிறங்கிச் சென்றால்தான் பணமாகும். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாட்களுக்குள் ஜவ்வரிசி ஆலைக்குப் போய்ச் சேராவிட்டால் உள்ளே கருநீலக் கோடு ஓடிக் கெட்டுவிடும். ஆகவே சிறிய சரக்கு வேனோ, ஜீப்போ, டிராக்டரோ வழியில் நின்றுவிட்டால் வண்டிச் செலவோடு விளைச்சலும் போகிறது. இவ்வாறு வண்டி நிற்பதற்கு முக்கியமான ஒரு காரணம், கூலண்ட் எனப்படும் ரேடியேட்டர் நீர் குறைந்து எஞ்சின் சூடேறுவதாகும்.

ஒழுகும் இடம் கண்ணுக்குத் தெரிந்தால் சரிசெய்வது எளிது. ஆனால் சில வண்டிகளில் தரையில் ஒரு சொட்டுக்கூட விழாது. காலையில் பார்த்தால் மட்டும் நீர் மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியிருக்கும். இத்தகைய மறைவான ஒழுக்கை ஒழுங்கான முறையில் தேடினால் கண்டுபிடித்துவிடலாம்.

மலையில் ஏன் தொல்லை அதிகம்?

எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வந்து ஆறுகிறது. நீர் விரைவில் கொதிக்காமலிருக்க ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தை நிறுத்தி வைக்கிறது. கார் மூடி பலவற்றில் 0.9 என்ற எண்ணைக் காணலாம். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 0.9 கிலோ அழுத்தம் வரை அந்த மூடி தாங்கும் என்பது இதன் பொருள்.

கடல் மட்டத்தில் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கும் நீர், 3,000 அடி உயரத்தில் சுமார் 97 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 மூடி நன்றாக இருந்தால் அதே உயரத்தில் சுமார் 117 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பரோ சுருளோ தளர்ந்துவிட்டால் இந்த 20 டிகிரி பாதுகாப்பு போய்விடும். உரமூட்டை ஏற்றிக்கொண்டு முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் மெதுவாக மேடேறும்போது ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவாகக் கிடைக்கும். அப்போது நீர் கொதித்து வெளியேறும். வீட்டு வாசலில் நிற்கும் வண்டியில் இதற்கு அடையாளமே இருக்காது.

உண்மையில் குறைகிறதா?

முதலில் இதை உறுதி செய்துகொள்ள வேண்டும். சூடான நீர் விரிவடையும், ஆறினால் சுருங்கும். எனவே தினமும் காலையில், எஞ்சினை இயக்கும் முன், சமதரையில் வண்டியை நிறுத்தி நீர் மட்டத்தைப் பார்க்கவும். உபரித் தொட்டியில் மட்டம் நிற்கும் இடத்தில் ஒரு கோடு போட்டு, எத்தனை கி.மீ. ஓடியது, மேடேறியதா, பாரம் இருந்ததா என்று ஒரு நோட்டில் குறிக்கவும். புதிதாகக் கூலண்ட் மாற்றிய முதல் ஓரிரு நாட்களில் உள்ளே சிக்கிய காற்று வெளியேறி மட்டம் இறங்குவது இயல்பு, அது ஒழுக்கல்ல.

ஒரு வாரக் குறிப்பு நல்ல வழிகாட்டியாகும். மேடேறிய நாட்களில் மட்டும் குறைந்தால் மூடி, ரேடியேட்டர், ஹெட் கேஸ்கட் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். ஓடாமல் நின்றபோதும் குறைந்தால் ஹோஸ் பைப்பு, கிளிப், வாட்டர் பம்பு ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.

வெளி ஒழுக்கைத் தேடுதல்

ஆறிய எஞ்சினை நன்றாகத் துடைத்துக் காயவைத்து, இரவில் வண்டிக்கு அடியில் பழைய அட்டையைப் பரப்பி வைக்கவும். ஏ.சி. உள்ள காரில் சொட்டும் நிறமற்ற சுத்தமான நீரால் கெடுதல் இல்லை. கூலண்ட் பச்சை, சிவப்பு அல்லது நீல நிறத்தில், தொட்டால் சற்று வழுவழுப்பாக இருக்கும். அட்டை நனையாவிட்டாலும் ஒழுக்கு இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது. சூடான எஞ்சின்மேல் கசியும் நீர் உடனே ஆவியாகிவிடும். கூலண்டின் நிறத்திலோ வெண்மையாகவோ உப்புப் பூத்தாற்போன்ற கறை மட்டும் எஞ்சும். அந்தக் கறையே கசிவின் தடயம். கீழ்க்கண்ட இடங்களை டார்ச் விளக்கால் பார்க்கவும்.

1. ஹோஸ் பைப்பின் இரு முனைகள். குளிர்ந்த இரவில் ரப்பரும் கிளிப்பும் சுருங்கி விடியற்காலையில் கசியும். எஞ்சின் சூடானதும் கசிவு நின்றுவிடும். மலையில் மார்கழி, தை மாதக் குளிரில் இதைக் காணலாம்.

2. வாட்டர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை. உள்ளே சீல் தேய்ந்தால் நீர் இதன் வழியே வரும். துளையின் கீழே கறைக்கோடு இருந்தால் பம்பைக் கவனிக்க வேண்டும். இத்துளையை அடைக்கக் கூடாது.

3. ரேடியேட்டரின் ஓரங்கள். பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பில் மயிரிழை போன்ற வெடிப்பு ஏற்படும். அது அழுத்தம் ஏறினால்தான் திறக்கும்.

4. எஞ்சின் பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள வட்டத் தகட்டு மூடிகள். வெறும் கிணற்று நீரையே பல ஆண்டுகள் ஊற்றிய வண்டிகளில் இவை துருப்பிடித்து ஓட்டை விழும்.

5. ஹீட்டர் உள்ள கார்களில் முன்னிருக்கையின் கால்விரிப்பு. அது ஈரமாக இருந்து, உள்ளே இனிப்பு வாடையும் முன்கண்ணாடியில் பிசுபிசுப்பான மூட்டமும் இருந்தால் ஹீட்டரில் ஒழுக்கு உண்டு.

அழுத்தச் சோதனை

இத்தனை பார்த்தும் தெரியாவிட்டால் மெக்கானிக்கிடம் அழுத்தச் சோதனை செய்யச் சொல்லவும். இது மீட்டர் பொருத்திய ஒரு சிறு கைப்பம்பு. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைக் கழற்றி, அவ்விடத்தில் இதைப் பொருத்தி, மூடியில் குறித்த எண் வரை மட்டும் அழுத்தம் ஏற்ற வேண்டும். பதினைந்து நிமிடம் முள் அசையாமல் நின்றால் அமைப்பு ஏறக்குறைய நல்ல நிலையில் உள்ளது. முள் இறங்கினால் நீர் எங்கோ போகிறது. வெளியே ஈரம் தெரிந்தால் இடம் கிடைத்துவிட்டது. முள் இறங்கியும் வெளியே ஈரமே இல்லையென்றால் ஒழுக்கு எஞ்சினுக்குள் இருக்கிறது எனலாம். மூடியையும் தனியே சோதிக்க வேண்டும். வண்டி ஆறிய பிறகு மேல் ஹோஸ் பைப்பு உள்வாங்கிச் சப்பையாகிக் கிடந்தாலும் மூடி பழுதானது எனக் கொள்ளலாம்.

உள் ஒழுக்கின் அறிகுறிகள்

ஹெட் கேஸ்கட்: ஆறிய எஞ்சினை இயக்கிய ஓரிரு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் பைப்பு கல்லாக விறைத்தால், எரிபுகை நீர்வழியில் புகுகிறது. உபரித் தொட்டியில் விடாமல் குமிழி வருவதும் இதன் அறிகுறியே. காலைக் குளிரில் சைலன்சரிலிருந்து சிறிது நேரம் வெள்ளைப் புகை வருவது இயல்பு. எஞ்சின் சூடான பிறகும் இனிப்பு வாடையுடன் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலண்ட் எரிகிறது என அறியலாம்.

ஆயிலில் நீர்: ஆயில் குச்சியில் ஆயில் மோர் போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் சிறிது வெண்நுரை இருந்தால் அச்சம் வேண்டாம்; குளிரில் குறைந்த தூரமே ஓடும் வண்டிகளில் ஈரம் அப்படிப் படியும். ஐயம் இருந்தால், இரவு முழுவதும் நின்ற வண்டியில் ஆயில் வடிக்கும் திருகைச் சற்றே தளர்த்தவும். நீர் ஆயிலைவிடக் கனமானதால் முதலில் நீரே வரும். அப்படி வந்தால் எஞ்சினை மேற்கொண்டு இயக்கக் கூடாது, பேரிங்குகள் கெட்டுவிடும். டிராக்டர் எஞ்சின்களில் லைனரின் அடி ரப்பர் வளையம் கெடுவதாலும் இது நேரும்.

இ.ஜி.ஆர். கூலர்: 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்.6 டீசல் வண்டிகள் பலவற்றில், புகையின் ஒரு பகுதியை ஆறவைத்து மீண்டும் எஞ்சினுக்குள் அனுப்பும் இந்தப் பாகம் உண்டு. இதில் வெடிப்பு ஏற்பட்டால் கூலண்ட் புகைவழியே போய்விடும். ஆயில் சுத்தமாகவே இருக்கும். ஹெட்டைக் கழற்றச் சொல்லும் முன் இதைச் சோதிக்கச் சொல்வது நலம். வீண் செலவு மிச்சமாகும்.

வழியில் சூடேறினால்

மீட்டர் முள் ஏறியவுடன் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்கவும். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கையையும் வேகவைத்துவிடும். குறைந்தது அரைமணி நேரம் ஆறவிட்டு, ஹோஸ் பைப்பு கைக்குத் தளர்ந்த பின், தடித்த துணியால் மூடியை மெல்லத் திறந்து சிறிது சிறிதாக நீர் ஊற்றவும். ஒழுக்கை அடைக்க மஞ்சள் தூள் போடும் பழக்கம் உண்டு. அது வீடு வந்து சேர உதவலாம்; ஆனால் ரேடியேட்டரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும்.

நம் மலையில் நீர் உறைவதில்லையே, கூலண்ட் எதற்கு என்று கேட்பதுண்டு. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலை. உவர்ப்பான கிணற்று நீர் உள்ளே காரை படியச் செய்யும். தயாரிப்பாளர் குறித்த வகைக் கூலண்டைக் குறித்த அளவில் வடிநீருடன் கலந்து ஊற்றவும்.

பெரும்பாலான கூலண்டுகளில் எத்திலீன் கிளைக்கால் உள்ளது. அது இனிப்பானது, கொடிய நஞ்சு. தரையில் தேங்கினால் நாயும் ஆடும் கன்றும் நக்கும்; குழந்தைகள் தொட்டு வாயில் வைக்கும். வடித்த கூலண்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காமலும், ஓடையிலோ கிணற்றோரத்திலோ கொட்டாமலும், மூடிய கேனில் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைக்க வேண்டும்.

தளர்ந்த ஒரு கிளிப்பில் தொடங்கும் கசிவைக் கவனிக்காமல் விட்டால், அது வளைந்த சிலிண்டர் ஹெட்டில் போய் முடியும். அறுவடைக்கு முன்பே ஒரு வாரம் நீர் மட்டத்தைக் குறித்து வந்தால், கிழங்கு ஏற்றும் நாளில் வண்டி மலைப்பாதையில் நிற்காது. உழவர் பெருமக்கள் இம்முறையைக் கடைப்பிடித்துப் பயன் பெறலாம்.