தேடுகிறவர் கண்ணில் படுகிறதா நமது கடை?

முச்சந்தியில் இருக்கும் கடைக்கும் சந்துக்குள் இருக்கும் கடைக்கும் வாடகையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? போகிறவர், வருகிறவர் கண்ணில் படுவதற்குத்தான் அந்தக் கூடுதல் வாடகை. இது நாம் அனைவரும் அறிந்ததே. இன்று இன்னொரு முச்சந்தி உண்டாகியிருக்கிறது. அது வாடிக்கையாளர் கையில் உள்ள செல்பேசி. அங்கே நமது கடை கண்ணில் படுகிறதா என்பதை நம்மில் பலர் இன்னும் பார்க்கவில்லை.

பழைய வாடிக்கையாளருக்கு நமது கடை தெரியும். ஆனால் தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பத்துக்குத் தெரியாது. வெளியூரிலிருந்து மொத்தக் கொள்முதலுக்கு வரும் சிறு கடைக்காரருக்கும் தெரியாது. முன்பு அவர்கள் டீக்கடையில் விசாரித்தார்கள். இன்று செல்பேசியில் விசாரிக்கிறார்கள். அங்கே நமது பெயர் இல்லையென்றால், சில நிமிடங்களில் வீட்டுக்கே கொண்டு வருகிறோம் என்று சொல்லும் பெரிய நிறுவனங்களுக்கு அந்த வியாபாரம் போய்விடும். நமது தெருவில் குடியிருப்பவரே நமது கடை இருப்பதை அறியாமல் போவது எத்தனை பெரிய நட்டம்!

1996-ல் சென்னை கொத்தவால் சாவடியின் காய்கறி வணிகம் கோயம்பேட்டுக்கு மாறியது. 2020 மே மாதம், கொரோனா காரணமாகக் கோயம்பேடு மூடப்பட்டுக் காய்கறிச் சந்தை தற்காலிகமாகத் திருமழிசைக்குப் போனது. இரண்டு முறையும் வியாபாரிகள் முதலில் செய்ய வேண்டியிருந்தது, கடை எங்கே இருக்கிறது என்பதை வாடிக்கைக்குச் சொல்வதுதான். இன்று நாம் இடம் மாறாமலே அந்த வேலையைச் செய்ய வேண்டியிருக்கிறது.

எஸ்.இ.ஓ. என்பது என்ன?

தேடுவோருக்கு நமது கடையோ இணையதளமோ முன்னால் தெரியும்படி அதைச் சீர் செய்து வைப்பதையே எஸ்.இ.ஓ. என்கிறார்கள். இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

லாரி பேஜ், செர்ஜி பிரின் என்ற இரு அமெரிக்க மாணவர்கள் 1998-ல் கூகுள் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ஒரு பக்கத்தை மற்ற எத்தனை பக்கங்கள் சுட்டிக் காட்டுகின்றன, சுட்டுபவை எவ்வளவு மதிப்புள்ளவை என்று பார்த்து வரிசைப்படுத்துவதே அவர்கள் கண்ட வழி. புதுப் பார்ட்டிக்குக் கடன் சரக்கு கொடுக்கும் முன் நாம் நாலு கடையில் விசாரிக்கிறோம் அல்லவா? ஏறத்தாழ அதே முறைதான். இப்போது வேறு பலவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

பக்கத்தில் உள்ள கடையைத் தேடும்போது மூன்றைக் கவனிப்பதாகக் கூகுள் சொல்கிறது. தேடிய பொருளுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து கடை இருக்கும் தூரம், கடையைப் பற்றி ஊரில் உள்ள பேச்சு ஆகியவையே அந்த மூன்றும். தூரத்தை நாம் மாற்ற முடியாது. மற்ற இரண்டும் நமது கையில் இருக்கின்றன.

காசு செலவில்லாத ஐந்து வேலைகள்

1. கூகுள் வணிகப் பட்டியலில் கடையைப் பதிவு செய்யுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை. கடை உண்மையில் அங்கே இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்காகப் பெயர்ப்பலகை, தெரு, கடையின் உட்புறம் ஆகியவற்றை வீடியோ எடுத்து அனுப்பும்படி கேட்கலாம். சிலருக்குத் தொலைபேசியில் எண் வரும். அந்த எண்ணை வெளியாள் எவரிடமும் சொல்லக் கூடாது. கல்லாப்பெட்டிச் சாவி போன்றது அது.

2. பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்கட்டும். பலகையில் ஒரு பெயர், பில்லில் ஒரு பெயர், ஜஸ்ட் டயலில் பழைய எண் என்றிருந்தால் மனிதரும் குழம்புவார், இயந்திரமும் குழம்பும். பெயரோடு 'மலிவு விலை, சிறந்த மளிகை' என்று நீட்டி எழுதுவதைக் கூகுள் விதி அனுமதிப்பதில்லை. பலகையில் உள்ள பெயரே போதும்.

3. திறக்கும் நேரம், அடைக்கும் நேரம், வார விடுமுறை ஆகியவற்றைச் சரியாகக் குறியுங்கள். பொங்கல், தீபாவளி, மே 5 வணிகர் தினம் போன்ற நாட்களுக்குத் தனியே குறிக்க வழி இருக்கிறது. திறந்திருக்கும் என்று பார்த்து வந்தவர் பூட்டைப் பார்த்தால் மறுபடி வர மாட்டார்.

4. கடையின் முகப்பு, உள்ளே அடுக்கிய சரக்கு, எடை போடும் இடம் ஆகியவற்றைப் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துப் போடுங்கள். பிறருடைய படத்தை எடுத்துப் போட வேண்டாம்.

5. திருப்தியான வாடிக்கையாளரிடம் இரண்டு வரி கருத்து எழுதும்படி கேளுங்கள். அதற்காகத் தள்ளுபடி தருவது கூகுள் விதிக்கு மாறானது. போலிக் கருத்துகளைத் தடுக்க இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022-ல் ஐ.எஸ். 19000 என்ற தர நெறியை வெளியிட்டது. யாராவது குறை எழுதினால் சண்டைக்குப் போகாமல், தன்மையாகப் பதில் எழுதுங்கள். குறையைவிட நமது பதிலைத்தான் அடுத்தவர் கவனித்துப் படிப்பார்.

சரக்கை வாடிக்கையாளர் சொல்லும் பெயரில் எழுதுவோம்

கீ வேர்டு என்று பெரிதாகப் பேசுகிறார்கள். வாடிக்கையாளர் எந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்கிறாரோ அதுதான் கீ வேர்டு. கடையில் நிற்கும் நம்மைவிட அதை நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை.

நிலக்கடலையை எடுத்துக் கொள்வோம். ஒருவர் வேர்க்கடலை என்பார். விழுப்புரம் பக்கம் மல்லாட்டை, மணிலா என்பார்கள். கொங்குப் பக்கம் கடலைக்காய் என்பார்கள். பொட்டுக்கடலையைச் சிலர் உடைத்த கடலை என்பார்கள். கருப்பட்டியைப் பனை வெல்லம் என்று தேடுபவரும் உண்டு. இளைஞர்கள் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். ஆகவே நமது பட்டியலில் சரக்கின் வழக்கமான பெயரையும், வேறு பெயரையும், ஆங்கிலப் பெயரையும் ஒரு முறை எழுதி வைப்பது நல்லது. ஒரே சொல்லை இருபது முறை எழுதுவதால் பயன் இல்லை. அதைக் கூகுள் ஏமாற்று வேலையாகவே கொள்ளும்.

வெறும் 'மஞ்சள்' என்று எழுதுவதைவிட 'ஈரோடு விரலி மஞ்சள், மொத்த விலை' என்று எழுதுங்கள். வெறும் 'மிளகாய்' என்பதைவிட 'ராமநாதபுரம் முண்டு வற்றல்' என்று எழுதுங்கள். பொதுச் சொல்லில் நாட்டிலுள்ள பெரிய நிறுவனங்கள் எல்லாம் போட்டியிடுகின்றன. குறிப்பான சொல்லில் போட்டி குறைவு. அப்படித் தேடி வருபவரும் வாங்கும் எண்ணத்தோடுதான் வருகிறார். ஈரோடு மஞ்சள் 2019-லும், ராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023-லும் புவிசார் குறியீடு பெற்றவை. அந்தப் பெயரில் விற்கும் சரக்கு அந்த ஊர்ச் சரக்காகவே இருக்க வேண்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

இணையதளம் யாருக்குத் தேவை?

தெருமுனை மளிகைக் கடைக்கு வணிகப் பட்டியலும் வாட்ஸ்அப் பிசினஸும் தொடக்கத்துக்குப் போதும். 2018-ல் வந்த இந்தச் செயலிக்குக் கட்டணம் இல்லை. 500 பொருட்கள் வரை படத்தோடும் விலையோடும் அதில் அடுக்கலாம்.

எங்களைப் போன்ற மொத்த வியாபாரிகளுக்கு இணையதளம் பயன்படும். ஒவ்வொரு சரக்குக்கும் தனிப் பக்கம் இருக்க வேண்டும். ரகம், மூட்டை எடை, குறைந்தபட்சக் கொள்முதல், லாரி வசதி ஆகியவற்றை எழுத வேண்டும். நம்மவர்கள் விலைப்பட்டியலைப் படமாக எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதை எழுத்தாகவே போட்டால்தான் தேடுபொறி தெளிவாகப் படிக்கும். பக்கம் செல்பேசியில் சீக்கிரம் திறக்க வேண்டும். செல்பேசிக்கு ஏற்ற பக்கங்களுக்குக் கூகுள் 2015-லிருந்தே முன்னுரிமை தருகிறது.

முக்கியமாக ஒன்று. தளத்தின் பெயர் நமது பெயரில், நமது மின்னஞ்சலில், நமது தொலைபேசி எண்ணில் பதிவாக வேண்டும். எங்கள் கடைவீதியில் ஒரு பருப்பு வியாபாரிக்குத் தளம் அமைத்துக் கொடுத்தவர் அதைத் தம் பெயரிலேயே பதிந்து கொண்டார். ஆண்டுக் கட்டணம் கட்டும் நேரத்தில் அவர் கேட்ட தொகைக்குப் பேரமே பேச முடியவில்லை. வியாபாரி வேறு பெயரில் தளம் தொடங்க வேண்டியதாயிற்று. சாக்கிலும் பில்லிலும் அச்சடித்த பழைய பெயர் வீணானது.

முதலிடம் வாங்கித் தருகிறேன் என்பவர்

'கூகுளிலிருந்து பேசுகிறோம், முதலிடம் வாங்கித் தருகிறோம்' என்று தினமும் அழைப்பு வருகிறது. முதலிடத்துக்கு எவராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. விளம்பரம் அல்லாத வரிசையில் மேலே வருவதற்கு அது பணம் வாங்குவதில்லை. எனவே அப்படிச் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

குறுக்கு வழி பெரியவர்களையே கவிழ்த்திருக்கிறது. 2006-ல் பி.எம்.டபிள்யூ. கார் நிறுவனத்தின் ஜெர்மன் தளம், தேடுபொறிக்கு ஒன்றும் வாசகருக்கு ஒன்றும் காட்டியதால் கூகுள் பட்டியலிலிருந்தே சில நாள் நீக்கப்பட்டது. 2011-ல் அமெரிக்காவின் ஜே.சி. பென்னி என்ற பெரிய கடை நிறுவனத்துக்காகக் காசு கொடுத்து வாங்கிய இணைப்புகளை நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. முதலிடத்தில் இருந்த அதன் பக்கங்கள் வெகு கீழே தள்ளப்பட்டன. அவர்களுக்கே அந்தக் கதி என்றால் நமது சிறு கடை தாங்குமா?

விளம்பரம் கொடுப்பதென்றால்

காசு கொடுத்துச் செய்யும் விளம்பரம் தவறில்லை. ஆனால் கணக்கோடு செய்ய வேண்டும். சொடுக்கிய ஒவ்வொரு முறைக்கும் காசு போகும். பணம் நின்றால் விளம்பரமும் நின்றுவிடும். நாளொன்றுக்கு 200 ரூபாய் என்று வரம்பு வைத்தாலும் ஒரு நாளில் 400 ரூபாய் வரை போகலாம். ஆனால் மாதத்தில் 6,080 ரூபாயைத் தாண்டாது என்பது கூகுளின் கணக்கு. நமது வண்டி சென்று வரக்கூடிய சுற்றளவுக்குள் மட்டும் காட்டும்படி அமையுங்கள். ஆடி, மார்கழி போன்ற மந்த மாதங்களில் செலவழிப்பதைவிடப் பண்டிகைக்கு முந்தைய இரு வாரங்களில் செலவழிப்பது லாபம்.

எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் அழைத்தார்கள், எந்தச் சொல்லால் தேடி வந்தார்கள் என்ற விவரம் வணிகப் பட்டியலிலேயே கிடைக்கிறது. மாதக் கடைசியில் வரவு செலவு பார்க்கும்போது அதையும் ஒரு முறை பாருங்கள். புதிதாக வருபவரிடம் 'எப்படித் தெரிந்து வந்தீர்கள்?' என்று கேட்டுச் சிட்டையில் குறித்து வைப்பதும் நல்லது.

இவை எல்லாம் வாடிக்கையாளரைக் கடை வாசல் வரைதான் அழைத்து வரும். அவரை மறுபடி வரவழைப்பது சரியான எடையும், வண்டு விழாத பருப்பும், மரியாதையான பேச்சுமே. அவை நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. வாசல் தெரியும்படி விளக்குப் போடுவதுதான் பாக்கி.

வரும் ஞாயிறு கடை அடைத்த பின், வீட்டுப் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் நமது கடையின் பெயரைச் செல்பேசியில் தேடிப் பாருங்கள். பிறகு 'அருகில் மளிகைக் கடை' என்று தேடிப் பாருங்கள். எழுத்து வேலை தெரியாத மூத்த வணிகர்களுக்குப் பக்கத்துக் கடைக்காரர் உதவட்டும். சங்கக் கூட்டங்களிலும் இதற்கென அரை மணி நேரம் ஒதுக்கினால், ஒரே மாதத்தில் நமது கடைவீதி முழுவதையும் தேடுவோர் கண்ணில் படச் செய்துவிடலாம்.