ஜெயித்தால் மூன்று, குப்பை அள்ளினால் ஆறு!

இன்று முதலில் ஒரு சின்னக் கணக்கு. பென்சிலும் தாளும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஓர் ஊரில் கால்பந்துப் போட்டித் தொடர் நடக்கிறது. ஓர் ஆட்டத்தில் ஜெயித்தால் மூன்று புள்ளிகள். 'அ' அணி ஆறு ஆட்டங்கள் ஆடி, ஆறிலும் வெற்றி பெற்றது. 'ஆ' அணியும் ஆறு ஆட்டங்கள் ஆடியது. மூன்றில் வெற்றி, மூன்றில் தோல்வி. பட்டியலில் முதலிடம் யாருக்கு?

"இது ஒரு கணக்கா சார்? அ அணிக்குப் பதினெட்டு, ஆ அணிக்கு ஒன்பது!" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வருகிறது. தப்பு! முதலிடம் ஆ அணிக்குத்தான். அதன் புள்ளிகள் 21.

மீதிப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? ஆ அணிப் பிள்ளைகள் இரண்டு நாள் மண்வெட்டியும் கூடையுமாகப் போய், தங்கள் தெருக் குப்பையை அள்ளி, சாக்கடையைத் தூர்வாரினார்கள். ஒரு நாள் வேலைக்கு ஆறு புள்ளி. அதாவது, இரண்டு ஆட்டங்களில் ஜெயித்ததற்குச் சமம்!

அ, ஆ அணிகள் நான் கணக்குக்காகச் சொன்னவை. ஆனால் இந்த விதி கற்பனை இல்லை. ஆப்பிரிக்காவில், கென்யா நாட்டின் தலைநகரான நைரோபியில், மத்தாரே என்ற குடிசைப் பகுதியில் பிள்ளைகள் இந்த விதிப்படிதான் ஆடினார்கள்.

மத்தாரே எப்படி இருக்கும் தெரியுமா? நகரின் பெரிய கட்டடங்களிலிருந்து சில கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் வேறு உலகம். துருப்பிடித்த தகரத்தால் ஆன ஒற்றை அறை வீடுகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். நடுவே மத்தாரே ஆறு. பெயர்தான் ஆறு, ஊர்க் கழிவெல்லாம் அதில்தான். வீடுகளுக்கு இடையே ஒருவர் நடக்கிற அளவு சந்து, அந்தச் சந்திலும் பாதி சாக்கடை.

அங்கேயும் பிள்ளைகள் பந்து விளையாடினார்கள். கடையில் வாங்கிய பந்தா? அதற்குக் காசு ஏது! பிளாஸ்டிக் பைகளைச் சேர்த்து உருட்டி, மேலே சணல் கயிற்றை இறுக்கிச் சுற்றி முடிச்சுப் போட்டால் பந்து தயார். அங்கே பேசும் சுவாஹிலி மொழியில் பிளாஸ்டிக் பைக்கு 'ஜுவாலா' என்று பெயர்; அந்தப் பந்துக்கும் அதே பெயர்தான். (2017ம் ஆண்டு கென்ய அரசு பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்டுவிட்டது. ஜுவாலா செய்யும் பிள்ளைகளுக்கு அது ஒரு சங்கடம்தான்!)

1987ம் ஆண்டு. கனடா நாட்டைச் சேர்ந்த பாப் மன்றோ என்பவர் அப்போது நைரோபியில் இருந்தார். சுற்றுச்சூழல் தொடர்பான வேலை அவருக்கு. மத்தாரேயில் பிள்ளைகள் ஜுவாலா உதைப்பதைப் பார்த்தார். நிஜப் பந்தும் நடுவரும் ஒழுங்கான போட்டியும் இவர்களுக்கும் கிடைத்தால் என்ன என்று நினைத்தார். ஆனால் இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போக அவர் விரும்பவில்லை. 'நீங்கள் ஒன்று செய்தால் நானும் ஒன்று செய்வேன்' என்பது அவர் ஒப்பந்தம். பிள்ளைகள் செய்ய வேண்டிய அந்த ஒன்று, சுற்றுப்புறத்தைச் சுத்தம் செய்வது. இப்படித்தான் மத்தாரே இளைஞர் விளையாட்டுச் சங்கம் பிறந்தது.

எத்தனையோ வேலை இருக்க, ஏன் குப்பை? காரணம் இருக்கிறது. அடைத்துக்கொண்ட சாக்கடையில் தண்ணீர் தேங்கினால் வயிற்றுப்போக்கும் காலராவும் வரும். முதலில் படுப்பது கைக்குழந்தைகள். மழை வந்தாலோ, சாக்கடை வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஆகவே அந்தப் பிள்ளைகள் அள்ளியது வெறும் குப்பையை இல்லை. தங்கள் வீட்டுத் தம்பி தங்கைகளின் காய்ச்சலை அள்ளிக் கொட்டினார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் அமைப்புக்குத் தலைமை அலுவலகம் எங்கே இருக்கிறது தெரியுமா? அதே நைரோபியில்தான்! அந்த அமைப்பு 1992ம் ஆண்டு, உலக அளவில் சுற்றுச்சூழலுக்குச் சேவை செய்தவர்களுக்குத் தந்துவந்த 'குளோபல் 500' விருதை இந்தச் சங்கத்துக்குக் கொடுத்தது. மண்வெட்டி பிடித்த கைகளுக்கு வந்த விருது!

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். சாக்கடை வாருவது பிள்ளைகளின் பொறுப்பு இல்லை. அது மாநகராட்சியின் வேலை. பிள்ளைகள் எவ்வளவு வாரினாலும், முறையான வடிகாலும் நல்ல வீடும் இல்லாத இடத்தில் ஆபத்து நீங்கிவிடாது. 2024ம் ஆண்டு ஏப்ரல் மாதம் நைரோபியில் கொட்டிய மழையில் மத்தாரே ஆறு பொங்கி, வீடுகள் அடித்துச் செல்லப்பட்டன. உயிர்களும் போயின. புள்ளிக் கணக்கைப் பாராட்டும்போது இதையும் மறக்கக் கூடாது.

சரி, மைதானத்துக்குத் திரும்புவோம். சங்கம் ஆடுகளத்திலும் சில தனி விதிகள் வைத்தது. முரட்டு ஆட்டம் ஆடி சிவப்பு அட்டை வாங்கினால் என்ன ஆகும்? சில ஆட்டங்களில் ஆட முடியாது. அது எல்லா ஊரிலும் உள்ளதுதான். மத்தாரேயில் கூடுதலாக ஒன்று உண்டு. சிவப்பு அட்டை வாங்கியவர், சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு நடுவராக நிற்க வேண்டும். அதன் பிறகே மறுபடி ஆடலாம். நேற்று நடுவரோடு மல்லுக்கு நின்றவன், இன்று தானே விசில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இரண்டு பக்கமும் 'அவுட்', 'ஃபவுல்' என்று கத்துகிறார்கள். அவன் முழியைக் கொஞ்சம் கற்பனை செய்து பாருங்கள்! நாற்பது முறை இம்போசிஷன் எழுத வைப்பதைவிட இது நல்ல தண்டனை. வாத்தியார் வேலை பார்த்த நானே சொல்கிறேன்.

பச்சை அட்டையும் உண்டு. இது தண்டனை இல்லை. நேர்மையாகவும் பண்பாகவும் ஆடுகிறவருக்கு நடுவர் தரும் பாராட்டு.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதிக்கு வருகிறேன். பள்ளிக்கூடம்.

கென்யாவில் 2003ம் ஆண்டு வரை அரசுத் தொடக்கப் பள்ளிகளிலேயே கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அது ரத்தானது. அதற்குப் பிறகும் உயர்நிலைப் பள்ளிக்குப் பணம் வேண்டும். கூலி வேலை செய்யும் அம்மாவுக்கு நாலு பிள்ளைகள் என்றால், ஒருவர் படிக்க மற்றவர் நிற்க வேண்டியதுதான். பணம் கட்டாவிட்டால் வகுப்பிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

சங்கம் இதற்கும் புள்ளிகளைக் கொண்டே வழி கண்டது. அணிக்கு மட்டும் இல்லாமல், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கணக்கு வைத்தார்கள். சின்னவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் புள்ளி. நடுவராக இருந்தால் புள்ளி. துப்புரவுக்கு வந்தால் புள்ளி. ஆண்டு முடிவில் அதிகப் புள்ளி சேர்த்தவர்களுக்குப் படிப்பு உதவித்தொகை. அந்தப் பணம் பையன் கைக்கு வராது, அப்பா கைக்கும் போகாது. நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடும்! இந்த ஏற்பாட்டைச் செய்தவர் குடிசை வீடுகளின் நிலைமை தெரிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

இதில் இன்னொரு நுட்பம் பார்த்தீர்களா? நன்றாகப் பந்து ஆடுகிறவனுக்கு மட்டும் உதவி என்றால், பத்தில் ஒருவனுக்குத்தான் கிடைக்கும். இங்கே உதைக்கத் தெரியாதவனும் உழைத்தால் படிக்கலாம்.

பெண் குழந்தைகள்? ஆரம்பத்தில் பையன்கள் மட்டும்தான். 1992ம் ஆண்டு பெண்களுக்கும் அணிகள் தொடங்கின. எளிதாக நடந்துவிடவில்லை. தண்ணீர் தூக்குவது, துணி துவைப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது என்று மத்தாரேயில் பெண் பிள்ளைகளுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. (நம் ஊரிலும் பல வீடுகளில் இதே கதைதான். இதைப் படிக்கும் தங்கைகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.) 'இவள் பந்து உதைக்கப் போய்விட்டால் யார் செய்வது?' என்று அம்மாக்கள் கேட்டார்கள். இருட்டிய பிறகு பெண் வெளியே இருந்தால் பாதுகாப்பா என்ற பயம் வேறு. அது நியாயமான பயம். அதனால் பெற்றோரிடம் பேசிப் புரிய வைத்தார்கள். பொழுது சாயும் முன்பே பெண்கள் வீடு திரும்பும்படி ஏற்பாடு செய்தார்கள். அணிகள் பெருகின. சங்கத்தின் முடிவுகளை எடுக்கும் குழுக்களிலும் பெண்கள் இடம் பிடித்தார்கள். அந்தக் குழுக்களில் இருப்பவர்களும் பெரியவர்கள் இல்லை, விளையாடும் பிள்ளைகள்தான்!

ஒற்றை அறை வீட்டில் ஆறு பேர் இருந்தால் பாடம் படிப்பது எங்கே? அதற்காக நூலகம் திறந்தார்கள். எய்ட்ஸ் நோய் கென்யாவை உலுக்கிய காலத்தில், அதைத் தடுப்பது எப்படி என்று இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தங்கள் நண்பர்களுக்குச் சொல்ல வைத்தார்கள். டாக்டர் சொன்னால் காது கேட்காதவனும் அணித் தலைவன் சொன்னால் கேட்பான் இல்லையா?

பிள்ளைகளில் கெட்டிக்கார ஆட்டக்காரர்களுக்காக 1994ம் ஆண்டு 'மத்தாரே யுனைடெட்' என்ற அணி உருவானது. இது 1998ம் ஆண்டும் 2000ம் ஆண்டும் கென்யாவின் தேசியக் கோப்பையை வென்றது. 2008ம் ஆண்டு நாட்டின் முதல்நிலை லீக் பட்டமும் இவர்களுக்கே! அந்த ஆட்டக்காரர்களும் குடிசைப் பகுதிக்கு வந்து சின்னவர்களுக்குப் பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்பது விதி. நோபல் அமைதிப் பரிசுக்கு 2003, 2004 ஆண்டுகளில் இந்தச் சங்கத்தின் பெயர் முன்மொழியப்பட்டது. பரிசு கிடைக்கவில்லை. பரவாயில்லை.

1997ம் ஆண்டு அங்கே நடந்த ஒரு வேடிக்கையைச் சொல்லி முடிக்கிறேன். லானா வாங் என்ற புகைப்படக்காரர், சங்கத்தின் இளம் தலைவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ் கிமான்சியுடன் சேர்ந்து, 31 பிள்ளைகளுக்கு விலை குறைந்த பிளாஸ்டிக் கேமராக்களைக் கொடுத்தார். வெளியூரிலிருந்து வந்தவர்கள் மத்தாரேயைப் படம் எடுத்தால், பெரும்பாலும் அழுக்கும் அழுகையும்தான் வரும். பிள்ளைகள் கையில் கேமரா போனதும், வீட்டுக்குள் சமையல், நண்பர்களின் குறும்பு, பக்கத்து வீட்டுத் தாத்தா, பந்தாட்டம் எல்லாம் படத்தில் வந்தன. 1999ம் ஆண்டு அவை 'ஷூட்பேக்' என்ற புத்தகமாக வெளிவந்தன. கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்த அந்தக் கிமான்சி, பின்னாளில் கென்யாவின் தேசியக் கால்பந்து அணிக்கே பயிற்சியாளர் ஆனார்.