அண்டை வீட்டுத் தொல்லையும் நகர சபையும்

திருடனைப் பிடிக்கச் சட்டம் இருக்கிறது. கொலைஞனைத் தண்டிக்கவும் சட்டம் இருக்கிறது. ஆனால் நடுநிசி வரையில் சுவரை அதிர வைக்கும் சங்கீதத்தையும், மாடிப்படியில் கூட்டமாய் உட்கார்ந்து போவோர் வருவோரை ஏளனம் செய்யும் வாலிபர்களையும், ஒரே வீட்டு ஜன்னலில் தினந்தோறும் வந்து விழும் கூழாங்கற்களையும் எந்தச் சட்டத்தைக் கொண்டு தடுப்பது? தனித்தனியே பார்த்தால் இவை அற்பமானவை. போலீஸ் ஸ்டேஷனில் போய்ச் சொன்னால், "இதற்கெல்லாமா வந்தீர்கள்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் இவற்றை வருஷக் கணக்கில் அனுபவிக்கிறவர்களுக்குச் சொந்த வீடே சிறைச்சாலையாகி விடுகிறது.

இந்தத் தொல்லையை அடக்க இங்கிலாந்து தேசத்து நகர சபைகள் கால் நூற்றாண்டுக்கு மேலாகச் செய்துவரும் முயற்சிகள் கவனித்தற்குரியவை. அவற்றில் வெற்றியும் உண்டு. வெட்கப்பட வேண்டிய தோல்வியும் உண்டு.

1998-ஆம் வருஷத்தில் அந்நாட்டுப் பார்லிமெண்டு ஒரு சட்டம் இயற்றிற்று. தன் குடும்பத்தைச் சேராத பிறருக்குத் துன்பமோ, பீதியோ, மனவேதனையோ உண்டாக்கும் நடத்தை, அல்லது உண்டாக்கக்கூடிய நடத்தையே சமூக விரோத நடத்தை என்று அது வகுத்தது. அத்தகைய நடத்தை உள்ளவர்மீது நகர சபையோ போலீஸாரோ நியாயஸ்தலத்தில் தடை உத்தரவு கோரலாம். 'ஆஸ்போ' என்று ஜனங்கள் சுருக்கி வழங்கிய உத்தரவு இதுதான். இன்ன தெருவில் கால் வைக்கக் கூடாது, இன்னாரோடு சேரக் கூடாது என்றெல்லாம் அது கட்டளையிடும். மீறினால் 5 வருஷம் வரையில் சிறைவாசம்!

பலன் என்ன? 2013-ஆம் வருஷ முடிவுக்குள் இங்கிலாந்திலும் வேல்ஸிலுமாக 24,000-க்கு மேற்பட்ட உத்தரவுகள் பிறந்தன. அவற்றில் பாதிக்கு மேற்பட்டவை ஒரு முறையேனும் மீறப்பட்டன. சில வாலிபர்கள் அதைத் தங்களுக்குக் கிடைத்த பதக்கமாகவே பாராட்டிக்கொண்டார்கள் என்று 2006-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி கூறிற்று. பள்ளிக்கூடத்தில் காலம் கழித்துவரும் நமக்கு இது ஆச்சரியம் அளிக்கவில்லை. பெஞ்சியின்மேல் ஏற்றி நிறுத்தப்பட்ட பையன் முதல் நாள் அழுவான். பத்தாம் நாள் அங்கே நின்றபடியே வகுப்பைச் சிரிக்க வைப்பான்.

உத்தரவுகள் பெருகின என்பது உண்மை. ஆனால் முறையிட்டவர்களின் குரல் கேட்கப்பட்டதா? லீஸ்டர்ஷயரில் ஒரு தாய் இருந்தாள். மகளுக்கு அறிவு வளர்ச்சியில் கடுமையான குறைபாடு. அக்கம் பக்கத்து இளைஞர் கூட்டம் அந்தக் குடும்பத்தை வருஷக் கணக்கில் வாட்டி வந்தது. அவள் போலீஸாரை அழைத்தது ஒரு முறை அல்ல, இரு முறை அல்ல; முப்பது முறைக்கு மேல். ஒவ்வொரு முறையும் அது ஒரு தனிச் சிறு சம்பவமாகவே கருதப்பட்டது. அத்தனையையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. 2007-ல் அந்தத் தாய் மகளுடன் தன் வாழ்வையும் முடித்துக்கொண்டாள். போலீஸாரின் தவறுகளும் ஸ்தல ஸ்தாபனங்களின் தவறுகளும் அந்த மரணங்களுக்குத் துணை செய்தன என்று 2009-ல் மரண விசாரணை ஜூரிகள் தீர்மானித்தார்கள்.

2014-ஆம் வருஷத்துச் சட்டம் பழைய ஆஸ்போவை நீக்கியது. அதற்குப் பதிலாகப் படிப்படியான முறை வந்தது. தொல்லை கொடுப்பவருக்கு முதலில் எழுத்து மூலம் எச்சரிக்கை. கேளாவிட்டால் அதிகாரபூர்வமான நோட்டீஸ். அதையும் மீறினால் அபராதம். பெரிய தொல்லைகளுக்கு நியாயஸ்தலத்துத் தடை உத்தரவு உண்டு. கலகத்துக்கு இருப்பிடமான வீட்டையே சில மாதம் மூடி வைக்கவும் வழி உண்டு. இவை யாவற்றிலும் மேலானதாக நாம் கருதுவது வேறொன்று: பலமுறை முறையிட்டும் பரிகாரம் காணாதவர், தம் வழக்கை எல்லா அதிகாரிகளும் ஒன்றுகூடி மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்று கோரும் உரிமை. ஆறு மாதத்தில் மூன்று முறையீடுகள் இருந்தால் போதும். அதற்கு மேல் எதிர்பார்க்கலாகாது என்பது அரசாங்கத்தின் வழிகாட்டி.

ஆயினும் அதே சட்டத்தில் ஓர் அபாயமும் புகுந்தது. பொது இடங்களில் இன்னின்னது செய்யலாகாது என்று நகர சபையே மூன்று வருஷம் வரையில் கட்டளை போடலாம். லண்டனைச் சேர்ந்த ஹாக்னி சபை 2015-ல், தெருவில் படுத்துறங்கும் ஏழைகளையும் இந்தக் கட்டளைக்குள் கொண்டு வந்தது. வீடில்லாதவனிடம் அபராதம் கேட்பது எந்த நியாயம்? பொது ஜனங்களிடையே எதிர்ப்பு மூண்டது. சபை அந்த அம்சத்தைக் கைவிட்டது. வீடில்லாமையை மட்டுமே காரணமாகக் கொண்டு ஒருவர்மீது இந்த அதிகாரத்தைப் பிரயோகிக்கலாகாது என்று 2017-ல் அரசாங்கமும் அறிவுறுத்திற்று. பிறருக்குத் தொல்லை கொடுப்பவன் வேறு. கண்ணுக்குப் பிடிக்காதவன் வேறு. இந்த வித்தியாசத்தை மறக்கும் சபை நீதியையே மறந்துவிடுகிறது.

சாந்தமான வழிகளும் சோதிக்கப்பட்டிருக்கின்றன. லண்டனின் இஸ்லிங்டன் பகுதியில் 1999 முதற்கொண்டு, குறும்பு செய்யும் பையனையும் பெற்றோரையும் வீட்டுவசதி அதிகாரியும் போலீஸாரும் உட்கார்த்தி வைத்துப் பேசினார்கள். "இனி இவற்றைச் செய்யமாட்டேன்" என்று பையன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவான். ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்தார் 1990-களின் நடுவிலேயே இன்னும் ஒரு படி மேலே போனார்கள். தொல்லை கொடுத்து வீட்டை இழக்கும் நிலையிலிருந்த குடும்பங்களை வெளியே தள்ளாமல், ஊழியர்களின் மேற்பார்வையில் குடியிருத்தினார்கள். குழந்தைகளை வேளைக்குப் பள்ளிக்கு அனுப்புவது முதல் கோபத்தை அடக்குவது வரையில் பொறுமையாகக் கற்பித்தார்கள். ஒரு குடும்பத்தைத் துரத்தினால் அந்தத் தொல்லை அடுத்த தெருவில் குடியேறும், அவ்வளவுதான் என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

ஆகவே, நகர சபைக்கு முதன்மையாக வேண்டியது கடுமையான சட்டம் அன்று. முறையீடுகளை ஒரே புஸ்தகத்தில் வரிசையாக எழுதி, ஒரே வீட்டிலிருந்து இரண்டாம் முறை குரல் வரும்போதே நேரில் போய் விசாரிக்கும் ஓர் அதிகாரி வேண்டும். அவர் முறையிட்டவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். முறையீட்டுக்கு ஆளானவர் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டும். லீஸ்டர்ஷயரில் அந்தத் தாய்க்குக் கிடைக்காமற் போனது அதுவே.