விருப்பமில்லாத வீராங்கனை

குத்துச்சண்டையாயினும் பேஸ்பாலாயினும், ‘மங்கா’ என்று ஜப்பானியர் அழைக்கும் சித்திரத் தொடர்கதைகளில் விளையாட்டு வீரர்களைப் பற்றியவை நெடுங்காலம் ஒரே பாதையில் நடந்துவந்தன. ஏழ்மையிலும் அவமானத்திலும் உழன்ற ஓர் இளைஞன், கடுமையான அப்பியாசத்தாலும் குருவின் கண்டிப்பாலும் படிப்படியாக உயர்ந்து, தன்னிலும் பலசாலியான எதிரியை ரத்தமும் வியர்வையும் சிந்தி எதிர்ப்பதே அந்தப் பாதை. 1986-ஆம் ஆண்டு ‘பிக் காமிக் ஸ்பிரிட்ஸ்’ என்ற வாரப் பத்திரிகையில் நவோகி உரசாவா தொடங்கிய ‘யவாரா!’ அந்தப் பாதையை விட்டு விலகிற்று. கதாநாயகி யவாரா இனோகுமா, கதை தொடங்கும்போதே வெல்வதற்கு அரியவள். அவளிடம் வித்தைக்குக் குறைவில்லை, அந்த வித்தையின்மேல் விருப்பந்தான் இல்லை.

வழிப்பறி செய்து ஓடிவரும் திருடன் ஒருவனைப் பள்ளி மாணவி ஒருத்தி கண்ணிமைக்கும் நேரத்தில் தூக்கி எறிவதை, விளையாட்டுப் பத்திரிகை நிருபர் மாட்சுடா தற்செயலாகப் பார்த்துவிடுகிறார். அவளைத் தேடிப்போனால், ஜூடோ உலகில் பெரும் புகழ்பெற்ற கிழவர் ஜிகோரோ இனோகுமாவின் பேத்தி என்று தெரிகிறது. ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தையும் அரசாங்கத்தின் தேசிய கௌரவ விருதையும் பேத்தியின் மூலம் அடைந்தே தீருவது என்று, அவள் நடக்கப் பழகிய நாள் தொட்டு ஊரறியாமல் அவளைப் பயிற்றிவந்திருக்கிறார் அந்தத் தாத்தா. அவளுக்கோ நல்ல உடை உடுத்தவும், தோழிகளோடு கடைவீதி சுற்றவும், யாரையேனும் காதலிக்கவும் ஆசை. இத்தனைக்கும் நடுவே ஒரு துயரம் உண்டு: தேசியச் சாம்பியனான அவளுடைய தந்தை, குழந்தையாயிருந்த மகளின் கையால் ஒருநாள் எறியப்பட்டு, அதன்பின் வீட்டை விட்டே போய்விட்டார். தன்னுடைய திறமைதான் தகப்பனைத் துரத்திற்று என்று நம்பும் பெண்ணுக்கு அந்தத் திறமை எப்படி இனிக்கும்? நகைச்சுவைக் கதை என்ற பெயரில் உலவும் இந்நூலின் உயிர்நாடி இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அவளுடைய வித்தை ‘இப்போன் ஸெஒயி நாகே’ என்னும் தோள்வீச்சு. எதிராளியின் வலக் கைச்சட்டையை இடக்கையால் பற்றி முன்னோக்கி இழுத்து, அவர் குதிகால் தரையை விட்டு எழும்பும் அதே கணத்தில் அவருக்கு முதுகு காட்டித் திரும்பி, வலக்கையை அவர் அக்குளுக்கடியில் நுழைத்து இறுக்கி, முழங்கால்களை மடித்துத் தன் இடுப்பை அவர் அரைக்கச்சைக்குக் கீழே கொண்டுபோய், பிறகு கால்களை நிமிர்த்தினால், எவ்வளவு பருமனான சரீரமும் தோளுக்கு மேலாகச் சுழன்று முதுகு பட விழும். முழு வேகத்தோடும் பலத்தோடும் முதுகு தரையில் பட்டால் ‘இப்போன்’; ஆட்டம் அத்துடன் முடிந்தது. குட்டையாயிருப்பது இந்தப் பிடியில் ஒரு லாபமே என்பதால், யவாராவின் சிறிய உருவம் வெறும் கற்பனை அலங்காரமன்று. மாமல்லர் போன்ற ‘ஜோடி’ என்னும் கனடா வீராங்கனையோடு அவளை மோதவிடும்போது உரசாவா சாஸ்திரத்தை மீறவில்லை.

கதை எழுந்த காலத்தை அறியாமல் இதைப் படிப்பவருக்குப் பாதி ரசந்தான் கிட்டும். 1882-இல் கோடோகான் பயிற்சிக்கூடத்தை நிறுவிய ஜிகோரோ கானோ (கதையில் வரும் தாத்தாவுக்கு இவருடைய பெயரே) பெண்களுக்கும் ஜூடோ கற்பித்தவர்தான். ஆயினும் போட்டி மேடை அவர்களுக்கு நெடுங்காலம் மூடியே கிடந்தது. அவருடைய நேர்ச் சிஷ்யையான கெய்கோ ஃபுகுடா, பெண் என்ற ஒரே காரணத்தால் ஐந்தாம் படித்தரத்திலேயே சுமார் 20 ஆண்டுகள் நிறுத்திவைக்கப்பட்டார். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ சேர்ந்தபோது அது ஆண்களுக்கு மட்டுமே உரியதாயிருந்தது.

இந்த இடத்தில் அமெரிக்காவின் புரூக்ளினைச் சேர்ந்த பெண்ணான ரஸ்டி கானோகோகியை நினையாதிருக்க முடியவில்லை. 1959-இல் நியூயார்க் மாகாணத்தில் நடந்த ஒரு போட்டியில், தலைமயிரைக் குறுக வெட்டி, மார்பைத் துணியால் இறுகக் கட்டி, ஆண்களின் அணியில் நின்று வென்ற அவரிடம், நீ பெண்ணா என்று கேட்டுப் பதக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். அந்த அவமானத்தை மறவாத அம்மையார், தம் வீட்டை அடமானம் வைத்துப் பணம் திரட்டி, 1980-இல் நியூயார்க்கில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை நடத்திக்காட்டினார். 1984-இல் வியன்னாவில் கவோரி யாமாகுச்சி ஜப்பானின் முதல் பெண் உலகச் சாம்பியன் ஆனார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோ காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. 1992 பார்சிலோனாவில்தான் முறையான பதக்கப் போட்டியாயிற்று. ஆகவே கிழவர் ஜிகோரோ பேத்தியின் ஒலிம்பிக் தங்கத்தைக் கனவு கண்டுகொண்டிருந்த முதல் அத்தியாயங்கள் அச்சேறியபோது, அந்தத் தங்கத்தை எந்தப் பெண்ணும் இன்னும் அணிந்ததில்லை. தேசிய கௌரவ விருதை ஜூடோ வீரர் யசுஹிரோ யாமாஷிடா 1984-இல் பெற்றிருந்தார். விளையாட்டு வீராங்கனை ஒருவர் அதைப் பெற 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

1989-இல் இக்கதை இருமுறை உருமாறிற்று. பாடகியும் நடிகையுமான யுயி அசாகா நடித்த திரைப்படம் ஒன்று. அக்டோபரில் தொலைக்காட்சியில் தொடங்கி 1992 செப்டம்பர் வரை 124 வாரக் கதைகளாக ஓடிய அசையும் சித்திரத் தொடர் மற்றொன்று. ஒரு படத்தின் அளவுக்குள் ஏழாண்டுக் கதை அடங்காது என்பதால் முன்னதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மேட்ஹவுஸ் நிறுவனம் உருவாக்கிய தொடருக்கோ அவகாசம் ஏராளமாயிருந்தது. உயரமாக வளர்ந்துவிட்டதால் பாலே நடனத்தைக் கைவிட நேர்ந்த ஃபுஜிகோ, நடனத்தில் பழகிய பாதங்களையே மூலதனமாக வைத்துக் கல்லூரியில் யவாராவோடு ஜூடோ பழகுவதை அது நிதானமாகச் சொல்கிறது. யவாராவுக்கு, பிறர் கற்பதைப் பார்த்துத் தானும் விரும்பக் கற்கும் வாய்ப்பு அங்கேதான் கிடைக்கிறது. நூலிலும் தொடரிலும் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது. காதல் விவகாரத்தில் நேரும் தவறான புரிதல்கள் மட்டும் வேண்டிய அளவுக்கு மேல் நீண்டுவிடுகின்றன.

தொடர் செய்த அபூர்வமான காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வாரமும் கதை முடிந்தபின், பார்சிலோனா ஒலிம்பிக்குக்கு இன்னும் எத்தனை நாள் என்று திரையில் எழுதிக் காட்டினார்கள். கற்பனைப் பெண்ணின் நாட்காட்டியும் பார்ப்பவர் வீட்டு நாட்காட்டியும் இப்படி ஒன்றாகிவிட்ட நிலையில், 1990-இல் ஃபுகுவோகாவில் நடந்த சர்வதேசப் போட்டியில் ரியோகோ தாமுரா என்ற பதினைந்து வயதுச் சிறுமி, உலகச் சாம்பியனாயிருந்த பிரிட்டனின் கேரன் பிரிக்ஸை வென்றாள். 146 சென்டிமீட்டர் உயரம், 48 கிலோ பிரிவு, தூக்கிக் கட்டிய கூந்தல்: ஜப்பான் முழுவதும் அவளை ‘யவாரா-சான்’ என்றே அழைக்கத் தொடங்கிவிட்டது.

சொந்தப் பெயரை மறைத்துக்கொண்டு ஒரு சித்திரப் பாத்திரத்தின் பெயர் வந்து தலையில் அமர்வது இளம்பெண்ணுக்கு எளிய சுமையாக இருந்திருக்க முடியாது. நிஜம் கதாசிரியரின் கட்டளைக்கு அடங்குவதுமில்லை. நூலின் யவாரா பார்சிலோனாவில் வெற்றிவாகை சூடுகிறாள். தாமுராவோ அங்கே இறுதி ஆட்டத்தில் பிரான்ஸின் செசீல் நோவாக்கிடம் தோற்றார். யவாராவின் கதை சிறப்புத் தொலைக்காட்சிப் படமாக மீண்டும் வெளிவந்த 1996-இலும், அட்லாண்டாவில், வடகொரியாவின் பதினாறு வயது கியே சுன்-ஹுயியிடம் தோற்று வெள்ளியோடு திரும்பினார். 2000 சிட்னியில் தங்கம். மணமாகி ரியோகோ தானி ஆனபின் 2004 ஏதென்ஸில் மறுபடியும் தங்கம்.

உரசாவாவின் கதை காதல் கைகூடுவதோடு நிறைவெய்துகிறது. அதற்கப்பால் ஒரு வீராங்கனைக்கு என்ன இருக்கக்கூடும் என்று அந்நூல் கேட்கவில்லை. தானியோ குழந்தை பெற்றபின் 2007-இல் ஏழாவது முறையாக உலகப் பட்டத்தை வென்று, மறு ஆண்டு பெய்ஜிங்கில் ஒரு தாயாக மேடை ஏறி வெண்கலம் பெற்றார்.