எடுத்த விபரம் ஊருக்குத் திரும்ப வேண்டும்

ஆய்வாளர் ஒருவர் படிவத்துடன் வாசலுக்கு வந்தால், "இதனால் எங்களுக்கு என்ன பயன்?" என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்க வேண்டிய கேள்வியே அது.

2004 டிசம்பர் 26இல் வந்த கடல்கோளில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது மக்களிடம் உத்தியோகத்தர்களும் தொண்டு நிறுவனத்தாரும் பல்கலைக்கழகத்தாரும் மாறி மாறி விபரம் எடுத்தனர். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபிய உதவியுடன் கட்டப்பட்ட 500 வீடுகளோ, பகிர்வு பற்றிய வழக்கினால் ஆண்டுக்கணக்கில் ஆளின்றிக் கிடந்தன. மக்கள் சலித்துப் போனதில் வியப்பில்லை.

எனினும், கதவை அடைத்துக்கொண்டால் நட்டம் நமக்குத்தான். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த எஸ்.எச். ஹஸ்புல்லாஹ், 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட வடபுல முஸ்லிம் சமூகத்தைச் சேர்ந்தவர். அம்மக்களின் இழப்புகளைத் திரட்டி 2001இல் நூலாக்கினார். கிழக்கின் காணிப் பிரச்சினைகளையும் ஆராய்ந்தார். 2018இல் அவர் காலமானார். அவர் எழுதி வைத்தவை அம்மக்களுக்குச் சாட்சியாக நிற்கின்றன.

உறுதியும் பெர்மிட்டும் தொலைந்த குடும்பத்துக்கு, எல்லைக் காணி யாருடையது, எந்த வாய்க்காலில் தண்ணீர் பாய்ந்தது, கடைசியாக எந்தப் போகம் விதைத்தது என்ற நினைவுகளே பலம். அவற்றை ஒழுங்காகப் பதிந்து வைப்பது நல்ல ஆய்வு. அதே விபரம் பொறுப்பற்ற கைக்குப் போனால் அயலவருடன் பகையும் வரலாம். எனவே வருபவரிடம் முதலில் இவற்றைக் கேட்போம்:

• நீங்கள் யார்? செலவு யாருடையது?
• எங்கள் பெயர் வெளிவருமா? விபரத்தை யார் பார்ப்பார்கள்?
• விருப்பமில்லாத கேள்வியை விடலாமா? விட்டால் நிவாரணம் தடைப்படுமா?
• எழுதியதை அச்சிடுமுன் தமிழில் வாசித்துக் காட்டுவீர்களா?

மூலப் பத்திரத்தை ஒருவரிடமும் கொடுக்க வேண்டாம், பிரதி போதும்.

ஆய்வாளருக்கும் கடமை உண்டு. பள்ளிவாசல் நிர்வாகத்தையும் விவசாய அமைப்பையும் சந்தித்துவிட்டு வரட்டும். ஆனால் அங்கேயே நின்றுவிடக் கூடாது. வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குச் சீதனமாகப் போகும் நம் கரையில், பெண்களைக் கேளாமல் எழுதிய காணி விபரம் அரைகுறையானது. குத்தகைக்குச் செய்தவரையும் வயற்கூலியாளரையும் தனியாகக் கேட்க வேண்டும். செய்ய முடியாததை வாக்களிக்கக் கூடாது. வீடோ காணியோ தருவது அவர் கையில் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

முடிந்த அறிக்கையின் ஒரு பிரதி ஊர் நூலகத்திலோ சங்கத்திலோ இருக்கட்டும். நாளை காணி விசாரணைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அது உதவும்.