கோட்டையூர் மூவரும் நம் பள்ளிப் பிள்ளைகளும்

காரைக்குடிக்கு அருகிலுள்ள கோட்டையூர் பெரிய நகரமன்று. ஆயினும் ஐந்தே ஆண்டு இடைவெளியில் பிறந்த மூவர் அவ்வூருக்குப் பெயர் தேடித் தந்தனர். ரோஜா முத்தையா செட்டியார் 1906-லும், வள்ளல் அழகப்பர் 1909-லும், ஏ. கே. செட்டியார் 1911-லும் பிறந்தவர்கள். முதல்வர் நூல்களைத் தேடினார். இரண்டாமவர் கல்விக்கூடங்களை எழுப்பினார். மூன்றாமவர் உலகைச் சுற்றினார். வாசிப்பு, ஓவியம், பொறுப்பேற்று நடத்துதல், பயணம் என, இன்று நம் உயர்நிலைப் பள்ளிகளில் ‘பாடத்துக்குப் புறம்பானவை’ என்று ஒதுக்கப்படும் நான்கும் இம்மூவர் வாழ்வில் நடுவிடம் பெற்றிருந்தன.

இதனை இப்பொழுது எழுதக் காரணம் உண்டு. பதினோராம் வகுப்புக்கு 2018-இல் முதன்முறையாக நடத்தப்பட்ட பொதுத்தேர்வு, மாநிலக் கல்விக் கொள்கை வெளியானதைத் தொடர்ந்து, 2025–26 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டுள்ளது. அத்தேர்வு ஏன் வந்தது என்பதைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டார்கள். பல பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தைத் தொட்டும் தொடாமலும் விட்டுவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடத்தையே இரண்டாண்டுகள் நெட்டுருச் செய்வித்தன. அதைத் தடுக்கவே தேர்வு வந்தது. இப்பொழுது பிள்ளைகளுக்குச் சற்று மூச்சுவிட ஓராண்டு கிடைத்திருக்கிறது. அந்த ஓராண்டு அவர்களுக்குக் கிடைக்குமா, அல்லது பழையபடி பறிபோகுமா என்பதே நம் கேள்வி. பறிப்பவை பள்ளிகள் மட்டுமல்ல என்பதையும் வெளிப்படையாகவே சொல்லிவிடலாம். ‘சாமி, பிள்ளையை மன்றப் பொறுப்பிலிருந்து விடுவிக்கச் சொல்லுங்கள், மதிப்பெண் குறைகிறது’ என்று நம்மிடமே வந்து கேட்கும் பெற்றோர் உண்டு.

ரோஜா முத்தையா செட்டியாரின் கதை நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அவர் பேராசிரியர் அல்லர். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். சென்னையில் அத்தொழில் செய்த காலத்தில் மூர் மார்க்கெட்டுப் பழைய புத்தகக் கடைகளில் நூல் தேடத் தொடங்கியவர், ஊர் திரும்பிய பின்னும் அப்பழக்கத்தை விடவில்லை. நூல்கள், மாத இதழ்கள், நாடக அறிக்கைகள், அழைப்பிதழ்கள் என்று, மற்றவர்கள் எடைக்குப் போட்டவற்றையெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது கோட்டையூரில் இருந்த தொகுப்பு சுமார் 1 லட்சம் உருப்படிகள். சிகாகோ பல்கலைக்கழகம் அதனை விலைக்கு வாங்கியது. ஆனால் நூல்கள் கடல் கடந்து போகவில்லை. 1994 முதல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக அவை வாழ்கின்றன. தமிழியல் ஆய்வு செய்வோர் பலரும் ஒரு முறையேனும் அந்நூலகத்தின் படியேறியிருப்பர். தூரிகை பிடித்த கை ஒன்று செய்த வேலை இது!

நம் பள்ளிகளில் நூலகம் இல்லாமலில்லை. பூட்டிய அலமாரியும் இருக்கிறது. அதன் சாவி தலைமையாசிரியர் அறையில் பத்திரமாகவும் இருக்கிறது. நூல் கிழிந்தால் யார் பொறுப்பு என்ற அச்சமே அந்தப் பூட்டு. கிழியட்டுமே! ஒருவரும் தொடாத நூலைச் செல்லரிக்கும். பலரும் படித்த நூலின் ஓரம் மடங்கும். இரண்டில் எது நஷ்டம்? சாவியை ஒன்பதாம் வகுப்பு மாணவர் இருவரிடம் ஒப்படைத்து, கணக்கு எழுதச் சொல்லிப் பார்க்கலாம். நூலகமும் நடக்கும்; பொறுப்பும் வளரும்.

தலைமைப் பொறுப்பு என்பதைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. வகுப்புத் தலைவன் என்றால் இன்று என்ன பொருள்? ஆசிரியர் வெளியே சென்றதும் பேசியவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுபவன். இது தலைமையன்று, காவல் வேலை. அதிலும் முதல் மதிப்பெண் வாங்குபவனுக்கே அப்பதவியும் போகிறது. பதினான்கு வயதில் சக மாணவரைக் காட்டிக்கொடுத்துப் பாராட்டுப் பெற்றவன், நாற்பது வயதில் ஊர்ப் பொறுப்புக்கு வந்தால் எப்படி நடந்துகொள்வான்?

காரைக்குடிக்கு இதில் வேறொரு மரபு உண்டு. 1917-இல் இவ்வூர் இளைஞர்கள் தாமே ஒன்றுகூடி இந்து மதாபிமான சங்கத்தைத் தொடங்கினர். பெயரைக் கண்டு நம்மவர்கள் தயங்க வேண்டா. சங்கம் நடத்துவது எவ்வாறு என்பதையே இங்கு நாம் நோக்குகிறோம். 1919-இல் பாரதியார் அச்சங்கத்துக்கு வந்தார். அவருடைய மிகச் சில புகைப்படங்களுள் இங்கு எடுக்கப்பட்டவையும் உண்டு. கூட்டம் கூட்டவும், செலவுக்குப் பணம் திரட்டவும், பெரியவர்களை அழைத்துப் பேச வைக்கவும் அவ்விளைஞர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் திருச்சபையிலும் இதற்கு நல்ல வழி வகுக்கப்பட்டிருக்கிறது. பெல்ஜியம் நாட்டில் 1925-இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தை நிறுவிய குரு கார்டைன், ஆலைக்குச் செல்லும் சிறுவர்களிடம் மூன்று படிகளைக் கற்பித்தார்: உள்ளதைக் காண்பது, அதைச் சீர்தூக்கி முடிவுக்கு வருவது, பின் செயலில் இறங்குவது. திருத்தந்தை 23-ஆம் அருளப்பர் 1961-இல் தம் சுற்றுமடலில் இம்முறையை எடுத்துரைத்தார். மாணவர் இயக்கக் குழுக்களும் இதே முறையைப் பின்பற்றுகின்றன. பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்று வைத்துக்கொள்வோம். பெயர் எழுதும் தலைவனுக்கு அதில் வேலையில்லை. இக்குழுவோ காரணத்தைக் கண்டறிந்து, யாரைக் கேட்பது என்று கூடி முடிவு செய்து, விண்ணப்பம் எழுதி நேரில் கொண்டுபோய்க் கொடுக்கும். ஒரு முறை அப்படிச் செய்து பார்த்த பெண்பிள்ளை பிறகு எந்த அலுவலக வாயிலிலும் நடுங்கி நிற்கமாட்டாள்.

வள்ளல் அழகப்பர் 1947-இல் செய்ததை இவ்விடத்தில் நினைவுகூரலாம். புதிய கல்லூரிகள் எழ வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. இலட்சுமணசுவாமி முதலியார் வேண்டுகோள் விடுத்தபோது உடனே இசைந்தார். அதே ஆண்டில் காரைக்குடியில் கல்லூரி திறக்கப்பட்டது. மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கு அமைய 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் அளித்தார். 1948-இல் நேரு அடிக்கல் நாட்டினார். அழகப்பர் 1957-இல் மறைந்தபோது அவருக்கு 48 வயதுகூட நிறையவில்லை.

ஓவிய வகுப்பைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. அது கணக்கு ஆசிரியருக்குக் கடன் கொடுக்கப்பட்டு, என்றும் திரும்பி வராத வகுப்பு என்பதைப் பிள்ளைகளே சொல்வார்கள். ஆயினும் ஒரு யோசனை: ஓவிய ஆசிரியர் இல்லாத பள்ளியும் ஆத்தங்குடிக்குப் போகலாம். கண்ணாடித் தகட்டின்மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்டுக் குழம்பைக் கையால் ஊற்றிப் பூ வரைகிறார்கள். மேலே மணலும் சிமென்டும் இட்டு, பின்பு நீரில் ஊறவைத்து எடுக்கிறார்கள். சூளையே இல்லை. பளபளப்பு அந்தக் கண்ணாடி தந்தது. இதில் ஓவியமும் இருக்கிறது, வேதியியலும் இருக்கிறது. அந்தத் தொழிலாளர்களின் கூலி என்ன என்று கேட்டால் பொருளாதாரமும் இருக்கிறது.

சுற்றுலா என்றவுடன் நம் பிள்ளைகள் கொடைக்கானல் என்கிறார்கள். இல்லையேல் நீர்ச்சறுக்கு விளையாட்டுப் பூங்கா. பாட்டுச் சத்தத்தோடு பேருந்து போகும், வரும். திரும்பிய பின் எழுத ஒரு வரியும் இராது. ஏ. கே. செட்டியார் பயணம் செய்த விதம் வேறு. காந்தியடிகளைப் பற்றிப் படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் 1937-இல் கப்பலில் சென்றுகொண்டிருந்தபோது அவருக்குத் தோன்றியது. அப்பொழுது வயது 25. அதற்காகப் பல நாடுகளிலும் சிதறிக் கிடந்த படச்சுருள்களைத் தேடி அலைந்தார். 1940-இல் படம் வெளிவந்தது. பயண நூல்கள் எழுதியதோடு, பிறர் எழுதிய பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்துப் பதிப்பித்தார். கண்டதை எழுதிவைப்பதே அவருக்குப் பயணம்.

நம் பிள்ளைகள் கப்பலேற வேண்டாம். காலையில் புறப்பட்டு மாலையில் திரும்பும் தொலைவில் கீழடி இருக்கிறது. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீட்டின் அமைப்பிலேயே கட்டப்பட்டுள்ளது. திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது. கண்மாய்களில் தண்ணீர் நிற்கும் மழைக்கால இறுதியில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள் மூக்கனும் அங்கு வந்து கூடு கட்டும். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.

இதிலும் ஒரு முள் உண்டு. சுற்றுலாவுக்குப் பணம் கட்ட இயலாத பிள்ளை அன்று ‘காய்ச்சல்’ என்று சொல்லி வீட்டில் இருந்துவிடும். ஆசிரியருக்கும் தெரியும், தோழருக்கும் தெரியும், யாரும் பேசுவதில்லை. அருகிலுள்ள இடமாயின் செலவு குறையும். ஒருவரையும் விட்டுவிடாமல் அழைத்துச் செல்லலாம். மீதிச் செலவைப் பங்குகள் ஏற்கலாம் என்றே நாம் எண்ணுகிறோம். வேட்டங்குடியை அடுத்த கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. நம் பங்குத் திருவிழாவில் ஓர் இரவு வாணவேடிக்கைக்குச் செலவாகும் தொகையில், ஒரு வகுப்பு முழுவதையும் அந்த ஊருக்கு அழைத்துப்போய்த் திரும்பப் பேருந்து பிடித்துவிடலாம்.