மெய்நிகர் கருவி நம் வீட்டுக்கு வருமா?

சில மாதங்களுக்கு முன் புறநோயாளிப் பிரிவில் ஓர் இளைஞர் என்னைச் சந்தித்தார். பக்கவாதத்தால் வலக்கை செயலிழந்த தம் தந்தையை அழைத்து வந்திருந்தார். பரிசோதனை முடிந்தபின் கைப்பேசியில் ஒரு விளம்பரத்தைக் காட்டினார். கண்களை முழுதாக மறைக்கும்படி தலையில் அணியும் மெய்நிகர் கருவி அது. "டாக்டர், இதை வாங்கிவிட்டால் அப்பாவை வாரம் மூன்று முறை பிசியோதெரபிக்கு அழைத்து வர வேண்டியதில்லையாமே? கடன் வாங்கியாவது வாங்கிவிடலாமா?" என்று கேட்டார். கருவியின் விலை அவருடைய மூன்று மாதச் சம்பளம்.

இக்கேள்வியை இப்போது பலரும் கேட்கின்றனர். இதனுள் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. இந்தத் தொழில்நுட்பம் கைப்பேசியைப் போல எல்லோர் வாழ்விலும் இடம் பெறப் போகிறதா என்பது ஒன்று. இன்று என் நோயாளிக்கு இதனால் பயன் உண்டா என்பது மற்றொன்று. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய்நிகர் என்பது என்ன?

வி.ஆர். எனப்படும் மெய்நிகர் கருவியில் இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு காட்சிகள் காட்டப்படுகின்றன. அவற்றை மூளை ஒன்றாக்கி ஆழமுள்ள ஓர் இடமாக உணர்கிறது. தலையை எந்தப் பக்கம் திருப்பினாலும் கருவியிலுள்ள உணரிகள் அதை அறிந்து, காட்சியையும் அதற்கேற்ப நொடிப்பொழுதில் மாற்றுகின்றன. இதனால் திரையைப் பார்க்கும் உணர்வு நீங்கி, அவ்விடத்திலேயே இருக்கும் உணர்வு தோன்றுகிறது. தொலைக்காட்சிக்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் தலையில் அணியும் காட்சிக் கருவியை 1968ஆம் ஆண்டிலேயே செய்து காட்டினார். அதன் எடை காரணமாக அதைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1995இல் நிண்டெண்டோ நிறுவனம் கொண்டுவந்த விர்ச்சுவல் பாய் என்ற விளையாட்டுக் கருவி சிவப்பு நிறத்தில் மட்டுமே காட்சி தந்தது; விரைவிலேயே சந்தையிலிருந்து மறைந்தது. 2014இல் ஃபேஸ்புக் நிறுவனம் ஆக்குலஸ் நிறுவனத்தை ஏறத்தாழ 200 கோடி டாலருக்கு வாங்கியபோது மீண்டும் நம்பிக்கை பிறந்தது. 2024இல் வெளிவந்த ஆப்பிள் விஷன் புரோ கருவியின் தொடக்க விலை 3,499 டாலர். ஒவ்வொரு அலையிலும் "இனி எல்லோர் வீட்டிலும் இதுதான்" என்று சொல்லப்பட்டது. ஒவ்வொரு அலையும் கரையைத் தொட்டுத் திரும்பியது.

வலியும் கவனமும்

வணிக உலகில் இந்த ஏற்ற இறக்கங்கள் நிகழ்ந்துகொண்டிருக்க, மருத்துவத்தில் இத்தொழில்நுட்பம் ஓசையின்றிப் பயன்படத் தொடங்கியது. அதன் சிறந்த எடுத்துக்காட்டு தீக்காயச் சிகிச்சை.

தீக்காயம் பட்டவர்க்குக் கட்டு மாற்றும் நேரம் எத்தகையது என்பதை அருகிலிருந்து பார்த்த குடும்பத்தினர் அறிவர். வலி மருந்து கொடுத்த பின்னும் காயத்தைச் சுத்தம் செய்யும் வேளையில் நோயாளி துடிப்பார். நாளைக்கு மீண்டும் இது நிகழும் என்ற அச்சமே அடுத்த நாளின் வலியைக் கூட்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகிய உளவியலாளர்கள் 1990களின் பிற்பகுதியில் சியாட்டில் நகரின் தீக்காயப் பிரிவில் ஒரு முயற்சியில் இறங்கினர். நோயாளி மெய்நிகர் கருவியை அணிந்து பனிப் பள்ளத்தாக்கு ஒன்றில் மிதந்து செல்வார். பனிமனிதர்கள் மீதும் பெங்குவின்கள் மீதும் பனிப்பந்துகளை எறிவார். அந்நேரத்தில் செவிலியர் கட்டை மாற்றுவார். நெருப்பால் காயமுற்றவருக்குப் பனியின் உலகம்; அதனால் அதற்கு 'ஸ்னோ வேர்ல்ட்' என்றே பெயர்.

இதில் மாயம் ஏதுமில்லை. வலி என்பது காயத்திலிருந்து மூளைக்குச் செல்லும் செய்தி மட்டுமன்று. மூளை அச்செய்திக்கு எவ்வளவு கவனம் தருகிறது என்பதும் வலியின் ஒரு பகுதி. நம் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. அதன் பெரும்பகுதியை வேறோர் உலகம் ஈர்த்துக்கொண்டால், வலிக்கு எஞ்சுவது குறைவு. கருவி அணிந்திருந்தபோது வலியோடு தொடர்புடைய ஐந்து மூளைப் பகுதிகளின் செயல்பாடு குறைந்ததை ஹாஃப்மன் குழுவினர் 2004இல் மூளை ஸ்கேன் வழியாகக் காட்டினர். ஊசி போடும்போது குழந்தையின் கவனத்தைத் திருப்பத் தாய் ஜன்னல் வழியே காக்கையைக் காட்டுவதும் இதே தத்துவம்தான். ஆனால், இதனால் வலி மருந்தை நிறுத்திவிட முடியாது. மருந்தோடு சேர்த்து அளிக்கப்படும் துணையே இது.

நாட்பட்ட முதுகுவலி

நாட்பட்ட வலியில் கவனத்தைத் திருப்புவது மட்டும் போதாது; கருவியைக் கழற்றியதும் வலி திரும்பிவிடும். எனவே மூச்சுப் பயிற்சி, தசைத் தளர்வு, வலி குறித்த அச்சத்தைக் கையாளுதல் ஆகியவற்றை மெய்நிகர் வழியாகக் கற்பிக்கும் முறை உருவாக்கப்பட்டது. இத்தகைய ஒரு கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021 நவம்பரில் அனுமதி அளித்தது. எட்டு வாரங்கள், நாளுக்கு ஒரு குறுகிய பயிற்சி என்பது அதன் அமைப்பு. 179 பேரிடம் நடந்த ஆய்வில், கருவியைப் பயன்படுத்தியோரில் 66 விழுக்காட்டினருக்கு வலி 30 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தது. சாதாரணக் காட்சிகளை மட்டும் பார்த்த ஒப்பீட்டுக் குழுவில் இது 41 விழுக்காடு.

இவ்விரண்டு எண்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். பயன் உண்மையானது. ஆயினும் சிகிச்சைக் காட்சிகள் இல்லாத குழுவிலும் பத்தில் நால்வருக்கு வலி குறைந்திருக்கிறது. மேலும் கருவியைப் பயன்படுத்தியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தலையில் அணிவது சிரமமாக இருந்ததாகவும், பத்தில் ஒருவர் குமட்டல் ஏற்பட்டதாகவும் கூறினர். விளம்பரங்களில் முதல் எண் மட்டுமே பெரிய எழுத்தில் இருக்கும்.

பக்கவாத மறுவாழ்வு

பக்கவாதத்துக்குப் பின் கை மீள வேண்டுமானால் ஒரே அசைவைப் பலநூறு முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். அந்தச் சலிப்பைத் தாங்க முடியாமல்தான் பலர் பயிற்சியைக் கைவிடுகின்றனர். விளையாட்டாக மாறினால் பயிற்சி நீளும்; இதுவே மெய்நிகரின் வலிமை. 72 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த 2017ஆம் ஆண்டின் காக்ரேன் அறிக்கை ஒரு முக்கியமான முடிவைத் தந்தது. வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக மெய்நிகர் பயிற்சியை அளித்தபோது கையின் செயல்திறனில் கூடுதல் நன்மை காணப்படவில்லை. வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து அளித்து, மொத்தப் பயிற்சி நேரத்தைக் கூட்டியபோது நன்மை தென்பட்டது. அதாவது, கை மீள்வதற்குப் பயிற்சியின் அளவே முதன்மையானது. கருவி அதற்கு ஒரு வழி. தோள் சரியான நிலையில் உள்ளதா, தவறான அசைவு பழக்கமாகிறதா என்பதைப் பார்க்கப் பயிற்சியாளரின் கண்ணும் கையும் தேவை.

உயரத்தைக் கண்டு அஞ்சுவோர்க்கு மெய்நிகர் வழியே படிப்படியாக அச்சம் நீக்கும் சிகிச்சை 1990களிலிருந்தே உள்ளது. அறுவை மருத்துவர்களின் பயிற்சியிலும் இது இடம்பெற்றுவிட்டது. இதனால் நோயாளி கருவியை ஒருமுறைகூட அணியாமலேயே பயனடைகிறார்.

உடல் ஏன் மறுக்கிறது?

கருவி பரவாததற்கு விலை மட்டும் காரணமன்று. கண் "நான் நகர்கிறேன்" என்று சொல்ல, உள்காதிலுள்ள சமநிலை உறுப்பு "நான் அசையவில்லை" என்று சொல்கிறது. இந்த முரண்பாடே தலைச்சுற்றலையும் குமட்டலையும் உண்டாக்குகிறது. மலைப்பாதையில் பேருந்துக்குள் புத்தகம் படிப்பவருக்கு நேர்வது இதன் மறுபக்கம். அரைக் கிலோ எடையை முகத்தில் தாங்குவதும், வீட்டில் உள்ளவர்களின் முகம் பார்க்க முடியாமல் தனித்துப் போவதும் நீண்ட நேரப் பயன்பாட்டுக்குத் தடைகள்.

கீழ்க்கண்டவர்கள் மருத்துவரைக் கேளாமல் இக்கருவியை அணியலாகாது: வலிப்பு நோய் உள்ளவர்கள், தலைச்சுற்றல், சமநிலைக் குறைபாடு உள்ளவர்கள், அண்மையில் கண் அல்லது தலையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், மனக்குழப்பம் அல்லது மறதி நோய் உள்ள முதியவர்கள், சிறு குழந்தைகள். யார் அணிந்தாலும் உட்கார்ந்த நிலையில், ஒருவர் துணையோடு, ஐந்து நிமிடங்களில் தொடங்குவதே நன்று. கண் மறைந்த நிலையில் முதியவர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால், பெற்ற பயன் அனைத்தும் வீணாகிவிடும்.

ஆகவே, பரவலாகுமா?

மருத்துவக் கருவிகள் இரண்டு வகையாகப் பரவுகின்றன. விரல்நுனியில் மாட்டி ஆக்சிஜன் அளவைப் பார்க்கும் ஆக்சிமீட்டர் ஒரு காலத்தில் மருத்துவமனைக்குள் மட்டுமே இருந்தது. கொரோனா காலத்தில் வீடுதோறும் வந்தது. அது மலிவானது, எளியது, ஒரே கேள்விக்கு ஒரே விடை தருவது. ஸ்கேன் கருவியோ எவர் வீட்டிலும் இல்லை. ஆயினும் அது இல்லாத மருத்துவத்தை இன்று எண்ணிப் பார்க்க இயலாது. மெய்நிகர் தொழில்நுட்பம் ஆக்சிமீட்டரைப் போலன்றி ஸ்கேனைப் போலவே முதலில் பரவும் என்பது என் கணிப்பு. கட்டு மாற்றும் அறை, மறுவாழ்வுக் கூடம், மனநலப் பிரிவு, மருத்துவக் கல்லூரி ஆகிய இடங்களில், பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் அது வழக்கமாகும். கருவி கண்ணாடி அளவுக்கு இலேசாகி, விலையும் கைப்பேசி அளவுக்கு இறங்கினால் மட்டுமே வீட்டுக்கு வரும்.

அதுவரை, எவரேனும் உங்களிடம் இதை விற்க வந்தால் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். எந்த நோய்க்கு, எந்த ஆய்வில் பயன் காட்டப்பட்டது? வழக்கமான சிகிச்சைக்குத் துணையா, மாற்றா? பயிற்சியை யார் கண்காணிப்பார்? வாங்குமுன் சில நாட்கள் பயன்படுத்திப் பார்க்க இயலுமா? "மாற்று" என்று விடை வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த இளைஞரிடம் கடன் வாங்க வேண்டாம் என்றேன். அவர் தந்தை ஓய்வுபெற்ற தபால்காரர். வீட்டிலேயே பழைய உறைகளை முகவரி வாரியாக வலக்கையால் பிரித்து அடுக்கும் பயிற்சியை, காலையும் மாலையும் அரைமணி நேரம் செய்யுமாறு எங்கள் பயிற்சியாளர் சொல்லிக்கொடுத்தார். பேரக்குழந்தைகளும் உடன் அமர்ந்துகொள்கிறார்களாம். சென்ற முறை வந்தபோது, மருந்துச் சீட்டை என் கையிலிருந்து வலக்கையாலேயே வாங்கிக்கொண்டார். பிடி இன்னும் தளர்வுதான். ஆனால் சீட்டு கீழே விழவில்லை.